எங்கள் வீடு மட்டும்

மார்த்தாண்டத்திலிருந்து பார்சலில் வந்த தேன்மெழுகுத் தகடுகள் ஆறு.
சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்ததும் ஒரு வாசனை,
பூவைத் தாண்டி
தேனுக்குப் போகும் வழியில் எங்கோ நின்றுவிட்ட மாதிரி.
நன்மாறன் ஒரு மூலையை நக்கிப் பார்த்து
"ஏமாத்து" என்றான்.
வால்கா ஸ்கேலை வைத்துக்கொண்டு
ஒரு வரிசைக்கு எத்தனை அறுகோணம் என்று எண்ணினாள்,
நாற்பத்தியொன்று வரை.
அப்புறம் தம்பி தும்மினான்.

ஐப்பசி அடைமழை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை.
முள்ளியாறு பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு போகிறது.
நட்ட சம்பா எங்கே, வரப்பு எங்கே,
தவளைக்குத்தான் தெரியும்.
"லைன்மேன் வீட்டுல மெழுகுவத்தியா!"
எதிர்வீட்டு ரஜியா வாயைப் பொத்திச் சிரித்தாள்.
படியிறங்கியவள் திரும்பி வந்து
"எனக்கும் ரெண்டு" என்றாள்.
லைன்மேன் வீட்டில் இல்லை.
பள்ளங்கோயில் பக்கம்,
இடுப்பளவுத் தண்ணீருக்கு மேலே,
போன் எடுக்க முடியாத உயரத்தில் ஏதோ ஒரு கம்பத்தில்.

குளிரில் தகடு அப்பளமாகிவிடுகிறது.
முதல் தகடு வளைத்ததுமே விண்டு போனது.
அடுத்ததை இட்லிப் பானை மூடியின் மேல்
பத்து எண்ணும்வரை வைத்தோம்.
பதினைந்து எண்ணினால் மூடியோடு ஒட்டிக்கொள்ளும்.
எண்ணியது நன்மாறன்,
அவனுக்கு ஆறுக்குப் பிறகு எட்டு.

பூக்கட்டும் நூலை மூன்றாக முறுக்கித் திரி.
விளிம்பில் கிடத்தி
முதல் மடிப்பை நகத்தால் அழுத்த வேண்டும்,
அங்கே காற்று புகுந்தால் கடைசிச் சுற்றுவரை இருக்கும்.
அப்புறம் ஒன்றுமில்லை,
காலையில் பாய் சுருட்டுகிற மாதிரிதான், என்றேன்.
"நீ எங்கம்மா சுருட்டுற, அப்பால்ல சுருட்டும்"
என்றாள் வால்கா, தலை நிமிராமல்.
அவளுடையது பென்சில் போல வந்தது.
அவனுடையது ஒரு முனையில் ஒடுங்கி
மறுமுனையில் வாய் பிளந்து
நாகஸ்வரத்தின் குட்டித் தங்கை.
இது அப்பாவுக்கு, வேற யாரும் தொடக் கூடாது.

இருட்டியது. தீப்பெட்டி நமுத்திருந்தது.
ஐந்தாவது குச்சியில் வால்காவின் திரி பற்றிய அதே நொடி
கரண்ட் வந்தது.
ஃபேன் கிறீச்சிட்டது, ஃப்ரிட்ஜ் உறுமியது,
தெரு முழுக்க ஒரே "ஹோ".
ட்யூப்லைட்டுக்கு அடியில் எங்கள் சுடர்
பட்டப்பகலில் கொளுத்திய மத்தாப்பு.
நன்மாறன் தரையில் விழுந்து அழுதான்.
போகச் சொல்லு, போகச் சொல்லு.
வால்கா எதுவும் சொல்லவில்லை,
ஸ்டூலை மட்டும் மெயின் பெட்டிக்கு அடியில் இழுத்துப் போட்டாள்.
ஏறி இறக்கியது நான்தான்.

பிறகு நல்ல மஞ்சள்.
சுவரில் மூன்று பேரும் பெரியவர்களாக இருந்தோம்.
ஒரு சொட்டு கணக்கு நோட்டில் விழுந்து உறைந்தது,
பெருக்கல் குறிக்கு மேல்.

ஒன்பது மணிக்கு பைக் சத்தம்.
ரஜியா வீட்டில் வெளிச்சம், மளிகைக் கடையில் வெளிச்சம்,
பிள்ளையார் கோயில் சீரியல் பல்புகூட
ஓடி ஓடி எரிகிறது.
கேட்டில் கையை வைத்தபடி அவர் நின்றார்.
எங்கள் வீட்டைப் பார்த்தார்.
எங்கள் வாசல் கம்பத்தைப் பார்த்தார்.
பையிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார்.
ஊரெல்லாம் ஏறி இறங்கிய கால்
செருப்பைக் கழற்றியது.
ஜன்னலிலிருந்து கூப்பிட்டிருக்கலாம்.
கூப்பிடவில்லை, கொஞ்ச நேரம்.
மூன்று நாளாகப் பார்க்காத ஆள்.

அதற்குள் நன்மாறன்
தன் நாகஸ்வரத்தைக் கொளுத்திக்கொண்டு ஓடினான்.
வாசல்படியிலேயே சாரல் அதை ஊதி அணைத்தது.
"எரிஞ்சுச்சுப்பா! நீ பாக்கல!"
அவர் டெஸ்டரை வாயிலிருந்து எடுத்தார்.
"மெயின யாரு இறக்குனது?"
மூன்று கைகள் உயர்ந்தன.

சட்டையைப் பிழிந்தபடி உள்ளே வந்தார்,
ஸ்டூலைப் பார்த்தார்,
அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.
"காலைல போட்டுக்கலாம்."
ஃப்ரிட்ஜில் மாவு இருக்கு, புளிச்சிரும், என்றேன்.
"புளிக்க இன்னும் என்ன இருக்கு" என்று
தீக்குச்சியைத் தேடினார்.